சூரியனும் இல்லை, இலையும் இல்லை

2021 ஏப்ரல் 6 அன்று திருக்கழுக்குன்றத்தில் ஓட்டுப் போடப் போனவர்கள் இயந்திரத்தில் உதயசூரியனைப் பார்க்கவில்லை. இரட்டை இலையையும் பார்க்கவில்லை. ஊர் இருக்கும் திருப்போரூர் தொகுதியைத் தி.மு.க. தன் அணியிலிருந்த விடுதலைச் சிறுத்தைகளுக்கும், அ.தி.மு.க. தன் அணியிலிருந்த பா.ம.க.வுக்கும் கொடுத்திருந்தன. எனவே போட்டி பானைக்கும் மாம்பழத்துக்கும். வாழ்நாள் முழுக்கச் சூரியனுக்கோ இலைக்கோ குத்திப் பழகிய கை, அன்று வேறொரு பொத்தானைத் தேடியது. ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்து மறைந்தது. அதிலும் தன் கட்சியின் சின்னம் இல்லை.

முடிவு தெரிந்ததுதான். விடுதலைச் சிறுத்தைகளின் எஸ்.எஸ்.பாலாஜி 93,954 வாக்குகள் பெற்றார். பா.ம.க.வின் திருக்கச்சூர் ஆறுமுகம் பெற்றவை 92,007. வித்தியாசம் 1,947. வென்றவருக்குக் கிடைத்தது பதிவானதில் சுமார் 41 சதவீதம். நூற்றில் மீதி 59 பேர் வேறு யாருக்கோ போட்டவர்கள். சட்டம் அவரைத்தான் உறுப்பினர் என்கிறது, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. இருவரில் யார் வென்றிருந்தாலும் இதே கேள்வி எழுந்திருக்கும்: அந்த 59 பேரின் வாக்கு எங்கே போனது?

இந்தக் கேள்விக்கான பழைய பதில்களில் ஒன்றுதான் விகிதாசாரப் பிரதிநிதித்துவம். நூற்றுக்கு இருபது வாக்கு வாங்கிய கட்சிக்குச் சபையிலும் நூற்றுக்கு இருபது இடம் என்பதே அதன் சாரம். நம்முடையது ‘முந்துபவரே வென்றவர்’ முறை. ஒரு வாக்கு கூடுதலாக இருந்தாலும் தொகுதி முழுவதும் அவருக்கே.

மாநில அளவில் இது என்ன செய்கிறது என்பதற்கு அதே 2021 கணக்கு போதும். தி.மு.க. அணி 45 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கி 159 இடங்களைப் பிடித்தது. அ.தி.மு.க. அணிக்குச் சுமார் 40 சதவீதம், 75 இடங்கள். தனித்து நின்ற நாம் தமிழர் கட்சிக்கு 6.6 சதவீதம், ஓர் இடமும் இல்லை. அதே வாக்குகளை விகிதப்படி 234 இடங்களுக்குப் பங்கிட்டால் முதல் அணிக்கு ஏறக்குறைய 106, இரண்டாவதற்கு 93, நாம் தமிழருக்கு 15. பெரும்பான்மைக்கு வேண்டிய 118 யாரிடமும் இருக்காது. மக்களவைத் தேர்தலில் இது இன்னும் கூர்மை. 2014-இல் தி.மு.க. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 23-க்கு மேல் வாங்கியும் 39-இல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2024-இல் அ.தி.மு.க. 20 சதவீதத்தைத் தாண்டியும் அதே பூஜ்யம்.

இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. இந்தச் சதவீதங்களே கூட்டணியின் நிழலில் விழுந்தவை. திருக்கழுக்குன்றத்தில் தி.மு.க.வின் உண்மையான பலம் என்ன, அ.தி.மு.க.வின் பலம் என்ன என்று 2021 முடிவிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. பானைக்கு விழுந்ததில் சூரியனின் பங்கு எவ்வளவு, மாம்பழத்துக்கு விழுந்ததில் இலையின் பங்கு எவ்வளவு? எண்ணவே இல்லையே! பலம் தெரியாததால்தான் சீட்டுப் பங்கீடு ஒவ்வொரு முறையும் இழுபறியாகிறது. ‘எங்களுக்கு இத்தனை சதவீதம்’ என்று சிறிய கட்சி சொல்லும், பெரிய கட்சி மறுக்கும். பூட்டிய அறைக்குள் ஓர் எண் முடிவாகும்.

ஆக, கூட்டணி வேண்டுமா வேண்டாமா என்று விவாதிப்பது நம் ஊருக்குப் பொருந்தாது. கூட்டணி ஏற்கெனவே இருக்கிறது. நாம் ஓட்டுப் போடுவதற்கு முன்பே அது பேசி முடிக்கப்படுகிறது. விகிதாசார முறை அந்தப் பேரத்தை ஓட்டு எண்ணிய பிறகு, ஒவ்வொருவர் பலமும் ஊரறிய எழுதிவைக்கப்பட்ட பிறகு நடக்கச் செய்யும். என் பார்வையில் அதன் முதல் பயன் இதுதான்.

கூட்டணி ஆட்சி நிலைக்குமா என்ற பயம் பொய்யல்ல. அரசியல் நிர்ணய சபையில் 1949 ஜனவரியில் காஜி சையத் கரீமுதீன் விகிதாசார முறையைக் கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தபோது, அம்பேத்கர் எதிர்த்தார். எழுத்தறிவு குறைந்த நாட்டுக்கு அது ஒத்துவராது, சபை சிறு குழுக்களாகச் சிதறினால் அரசு நிலைக்காது என்பவை அவர் சொன்ன காரணங்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 1999 ஏப்ரலில், அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொள்ள, வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. அதைப் பார்த்த தலைமுறைக்குக் கூட்டணி என்றாலே கயிற்றின் மேல் நடப்பது.

ஆனால் தனிக்கட்சி ஆட்சி என்றால் உறுதி என்பதைத் திருப்போரூர்க்காரர்களிடம் சொல்லிவிட முடியாது. 2016-இல் அவர்கள் தேர்ந்தெடுத்தது அ.தி.மு.க.வின் கோதண்டபாணியை. அந்தக் கட்சி தனிப் பெரும்பான்மையோடு ஆண்டது. ஜெயலலிதா மறைவுக்குப் பின் கட்சி பிளந்து, 2017 செப்டம்பரில் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்த 18 பேரில் கோதண்டபாணியும் ஒருவர். வழக்கு நடந்தது, நீதிபதிகளிடையே கருத்து வேறுபட்டது, மூன்றாவது நீதிபதிக்குப் போனது. 2019 இடைத்தேர்தலில் தி.மு.க.வின் இதயவர்மன் வரும்வரை இருபது மாதம் தொகுதிக்கு எம்.எல்.ஏ. கிடையாது. ஆட்சி நிலைத்தது என்னவோ உண்மை. அந்த நிலைப்புக்கு விலை கொடுத்த தொகுதிகளில் இதுவும் ஒன்று.

மறுபக்கம், 2006-இல் 96 இடம் மட்டும் வாங்கிய தி.மு.க., காங்கிரஸ் முதலான கட்சிகள் வெளியிலிருந்து தந்த ஆதரவில் ஐந்தாண்டையும் முடித்தது. ‘மைனாரிட்டி அரசு’ என்று ஜெயலலிதா மேடைக்கு மேடை சொன்னார். அரசு விழவில்லை. கேரளத்தில் கூட்டணி அமைச்சரவைதான் பல பத்தாண்டுகளாக நடைமுறை, அதுவும் விகிதாசார முறை இல்லாமலே. செங்கல்பட்டுப் பக்கத்துக்கே இதில் பழைய பங்கு உண்டு. 1952-இல் சென்னை மாகாணத்தில் 375-க்கு 152 மட்டும் பெற்ற காங்கிரசுக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று, வட ஆர்க்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களில் வேர்விட்ட காமன்வீல் கட்சி. அதன் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்றார். இரண்டே ஆண்டில் ராஜாஜி விலக நேர்ந்ததற்குப் பெரிய காரணம், குலக்கல்வித் திட்டத்துக்குச் சொந்தக் கட்சிக்குள்ளேயே கிளம்பிய எதிர்ப்பு.

விகிதாசார முறையைத் தமிழர்கள் நேரடியாக வாழ்ந்து பார்த்த இடம் இலங்கை. 1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பாதி வாக்குக்குச் சற்று மேல் வாங்கி, 168-இல் 140 ஆசனங்களை அள்ளியது. ஏறத்தாழ 30 சதவீதம் வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு வெறும் எட்டு. நூற்றுக்கு ஏழுகூட வாங்காத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. வாக்குகள் வடகிழக்கில் குவிந்திருந்ததால் வந்த எண் அது. அதன் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். ஆறில் ஐந்து பங்கு கையில் இருந்த ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ஜெயவர்த்தனா, 1978-இல் புதிய அரசியலமைப்பையே எழுதினார். அதில்தான் விகிதாசார முறை வந்தது. நாடாளுமன்றத்துக்கு அது முதன்முதலில் நடந்தது 1989-இல். இடம் பெற ஒரு கட்சி மாவட்டத்தில் வாங்க வேண்டிய குறைந்தபட்ச வாக்கான வெட்டுப்புள்ளி முதலில் பன்னிரண்டரை சதவீதம். முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப் வலியுறுத்தியதில் அது ஐந்தாக இறங்கியது. சிதறி வாழும் முஸ்லிம்களுக்கும் மலையகத் தமிழருக்கும் அந்த இறக்கம் பெரிய வாசல்.

அங்கே முறையின் நோயும் தெரிந்தது. கட்சிக்கு ஓட்டுப் போட்டபின், அதே கட்சியின் வேட்பாளர்களில் மூவருக்கு விருப்பு வாக்கு இடலாம். ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டார்கள். ஒரு தொகுதிக்குப் பதில் மாவட்டம் முழுவதும் சுவரொட்டி ஒட்ட வேண்டியதால் பணமுள்ளவருக்கே வாய்ப்பு. ‘எங்கள் ஊர் எம்.பி. யார்?’ என்ற கேள்விக்குப் பதில் மங்கியது. 2015-இல் இரு பெரும் கட்சிகள் சேர்ந்து அமைத்த நல்லாட்சி அரசு 2018 அக்டோபரில் வெளிப்படையாக உடைந்து, யார் பிரதமர் என்பது உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆயினும் விகிதாசாரம் என்றால் என்றைக்கும் தொங்கு சபைதான் என்பதும் தவறு. 2024-இல் தேசிய மக்கள் சக்தி 225-இல் 159 பிடித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறில் மூன்றும் அதற்கே.

இலங்கை முறையை அப்படியே செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். சோழிங்கநல்லூர், பல்லாவரம், தாம்பரம், செங்கல்பட்டு, திருப்போரூர், செய்யூர், மதுராந்தகம் என ஏழு இடங்களும் ஒரே பட்டியல். 2021-இல் ஏழில் ஆறு ஒரே அணிக்குப் போனது போல் நடக்காது. ஆனால் மாநிலத்திலேயே அதிக வாக்காளர்கள் கொண்ட சோழிங்கநல்லூரும் பக்கத்துத் தாம்பரமும் சேர்ந்தால், வேட்பாளர்கள் ஐ.டி. சாலையையும் ரயில் பாதையையும் விட்டு இறங்க மாட்டார்கள். திருக்கழுக்குன்றத்துச் சங்கு தீர்த்தக் குளத்தைத் தூர்வாரச் சொல்லிக் கேட்க ஒரு முகம் வேண்டும். மாமல்லபுரம் மீனவக் குப்பத்தில் கடல் கரையைத் தின்னும்போது ஓடிவர ஒரு பெயர் வேண்டும். அதை இழக்க நான் தயாரில்லை.

இரண்டையும் சேர்த்த வழி இருக்கிறது. ஜெர்மனியில் வாக்காளருக்கு இரண்டு ஓட்டு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிக்கு. நியூசிலாந்து 1993-இல் பொது வாக்கெடுப்பு நடத்தி இதற்கு மாறியது. நம் சட்ட ஆணையமும் 1999-இல் தன் 170-ஆவது அறிக்கையில், இருக்கும் தொகுதிகளைத் தொடாமல் கால் பங்கு இடங்களைக் கூட்டி, அவற்றைப் பட்டியல் முறையில் நிரப்பலாம் என்றது. அப்படி ஒரு முறை இருந்திருந்தால், 2021-இல் திருக்கழுக்குன்றத்தில் ஒருவர் பானைக்கு ஒன்றும் சூரியனுக்கு ஒன்றும் போட்டிருக்கலாம். அல்லது மாம்பழத்துக்கும் இலைக்கும். எந்த அணிக்கும் தராமல் மூன்றாவது கட்சிக்கே இரண்டையும் தந்திருக்கலாம், அதுவும் வீணாகியிருக்காது.

எழுத்தறிவைக் காட்டி மறுத்த 1949-இன் காரணம் இன்று நிற்காது. தவிர, விகிதாசார முறையின் ஒரு வடிவம் நம் சட்டமன்றத்தில் ஏற்கெனவே நடக்கிறது. தமிழ்நாட்டின் மாநிலங்களவை இடங்களில் ஆறுக்குத் தேர்தல் வரும்போது, நாம் அனுப்பிய 234 பேரும் தேர்தல் அலுவலர் கொடுக்கும் ஊதா நிறப் பேனாவால் வேட்பாளர் பெயருக்கு எதிரே 1, 2 என்று விருப்ப வரிசை எழுதுகிறார்கள். 34 பேர் சேர்ந்தால் ஓர் இடம். அதனால்தான் 2022-இல் 159 பேர் கொண்ட அணி ஆறையும் விழுங்க முடியவில்லை. அதற்கு நான்கு, எதிரணிக்கு இரண்டு என்று போட்டியில்லாமலே முடிந்தது. தங்களுக்குள் பங்கிடும்போது உறுப்பினர்களுக்குக் கிடைக்கும் அந்தத் தராசு, அவர்களைத் தேர்ந்தெடுக்கும் திருக்கழுக்குன்றத்து வாக்காளருக்கு இன்னும் கிடைக்கவில்லை.