மலையோரக் கொல்லைக்கு ஆனைக் கற்றாழை வேலி

மணிலா காய் பிடிக்கும் பருவத்திலும், மரவள்ளியில் கிழங்கு பெருக்கும் பருவத்திலும் கல்வராயன் மலை அடிவாரத்து விவசாயிகளுக்கு இரவுத் தூக்கம் கிடையாது. கச்சிராயபாளையம், சங்கராபுரம் பக்கத்து மலையோரக் கொல்லைகளில் காட்டுப்பன்றி இறங்கிவிட்டால், மூக்காலேயே உழுது போட்டுவிட்டுப் போய்விடும். தின்பது கொஞ்சம், பாழாவது அதிகம். கல்தூண் நட்டுக் கம்பி வேலி போடுவது சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாத செலவு. இதனால் சிலர் பம்புசெட் இணைப்பிலிருந்து மின்சாரத்தை வெறும் கம்பியில் விட்டுவிடுகிறார்கள். இது சட்டப்படி குற்றம் என்பது ஒரு புறம் இருக்க, விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வருகிற ஆளையும் அந்தக் கம்பி விட்டுவைக்காது. பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்தில், மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச் மாதம் இப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன.

மின்சாரமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம் என்று நிற்கக்கூடிய வேலி ஒன்று உண்டு. அதுதான் ஆனைக் கற்றாழை. ரயில் பாதை ஓரங்களில் வேலியாக வைக்கப்பட்டதால் ரயில் கற்றாழை என்றும் இதைச் சொல்வார்கள். இதன் பிறப்பிடம் மெக்சிகோ நாடு. சரளையும் செம்மண்ணும் கலந்த கரட்டு நிலம், நாள் முழுவதும் வெயில், ஆண்டில் பாதி நாள் வறட்சி, இவை மூன்றும் இருந்தால் இந்தச் செடிக்கு வேறெதுவும் தேவையில்லை. மற்ற செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்துவைத்து நீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்க, கற்றாழை பகலில் அவற்றை மூடிக்கொண்டு குளிர்ந்த இரவில்தான் திறக்கிறது. சித்திரை வெயிலிலும் இது வாடாமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

வீட்டு மருந்துக்குப் பயன்படும் சோற்றுக் கற்றாழையும் இதுவும் ஒன்றல்ல. இரண்டும் வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. பெயர் ஒத்திருப்பதை நம்பி ஆனைக் கற்றாழையின் சாற்றை உடம்பில் தடவினால் தோல் எரிந்து கொப்புளம் கண்டுவிடும். சாற்றில் ஊசி போன்ற நுண்ணிய உப்புப் படிகங்கள் இருக்கின்றன.

எவ்வளவு நிலம் போகும்?

நடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவசியம். வளர்ந்த செடியின் மடல் நான்கு முதல் ஆறு அடி நீளம் இருக்கும். ஒற்றை வரிசை நட்டால் இடைவெளிகளில் பன்றி எளிதில் நுழைந்துவிடும். எனவே இரட்டை வரிசையாக, முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக இரண்டாம் வரிசைச் செடி வரும்படி நடவேண்டும். செடிக்குச் செடி நான்கு அடி, வரிசைக்கு வரிசை நான்கு அடி விடலாம். எல்லையிலிருந்து மூன்று அடி உள்ளே தள்ளி முதல் வரிசை வரவேண்டும். உட்புறமும் மூன்று அடி சேர்த்தால் வேலிக்கு மட்டும் 10 அடி அகலம் போய்விடுகிறது.

சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தின் சுற்றளவு சுமார் 835 அடி. நான்கு பக்கமும் வேலி வைத்தால் ஏறக்குறைய 18 சென்ட் போய்விடும். ஒரு ஏக்கர்தான் இருக்கிறது என்பவர் இதைச் செய்யக் கூடாது. மலையைப் பார்த்த ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்தால் ஐந்து சென்ட்டுக்குள் முடிந்துவிடும். 105 கன்றுகள் போதும். அடுத்தடுத்த கொல்லைக்காரர்கள் நான்கைந்து பேர் ஒன்றுகூடி மலையோரம் நெடுக ஒரே வேலியாக வைத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. ஒருவர் மட்டும் வைத்தால் பன்றி பக்கத்துக் கொல்லை வழியாகச் சுற்றி வரத்தான் செய்யும்.

எல்லையை ஒட்டியே நடுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். இது பூமிக்கடியில் கிழங்குத் தண்டு ஓடிப் பக்கக் கன்று விடும் செடி. ஐந்தாறு ஆண்டில் அந்தக் கன்றுகள் அடுத்தவர் வரப்பில் தலைகாட்டும். நில அளவைக் கல்லைக் கற்றாழை மூடிவிட்டு, பிறகு கல் எங்கே என்று தேடுவதும் உண்டு. ஆகையால் எல்லைக் கல்லைச் சுற்றி நான்கடி இடம் வெறுமையாக விட்டுவிடவேண்டும்.

நடவு

பழைய செடிகளின் அடியில் முளைத்து நிற்கும் ஓர் அடி உயரப் பக்கக் கன்றுகள் நடவுக்கு ஏற்றவை. பட்டா நிலத்து வேலிகளிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காப்புக் காட்டுக்குள் போய்ப் பெயர்க்கக் கூடாது. கடப்பாரையால் நெம்பி, தாய்ச் செடியோடு இணைந்திருக்கும் தண்டைக் கூரிய கொடுவாளால் ஒரே வெட்டில் பிரிக்கவேண்டும். வெட்டுவாயுடன் உடனே நட்டால் அழுகிவிடும். ஒரு வாரம் நிழலில் போட்டு, வெட்டுவாய் நன்றாகக் காய்ந்த பிறகே நடவேண்டும். கன்று கொஞ்சம் சுருங்கினால் பயப்பட வேண்டியதில்லை.

இவ்வகைச் செடிகளின் உயிர்ப்பிடிப்புக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். இதன் உறவான நார்க் கற்றாழையின் 1,000 கன்றுகளை ரிச்சர்ட் ஹிண்டார்ஃப் என்ற ஜெர்மானியர் 1893-ஆம் ஆண்டு ஃபுளோரிடாவிலிருந்து கப்பல் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குத் தருவித்தார். உயிரோடு தேறியவை 62 மட்டுமே. இன்றைய தான்சானியா நாட்டில் பரந்து கிடந்த நார்க் கற்றாழைத் தோட்டங்களுக்கெல்லாம் அந்த 62 செடிகளே மூலம்.

ஆடியிலோ, புரட்டாசி முதல் மழைக்குப் பிறகோ நடலாம். அடைமழை நாட்களில் நடவேண்டாம். கற்றாழையைக் கொல்வது வெயில் அல்ல, தேங்கும் தண்ணீர்தான். ஆகவே குழியில் நடாமல், ஓர் அடி உயரத்துக்கு மண்ணும் சரளையும் சேர்த்து வரப்புப்போல அணைத்து அதன்மேல் நடவேண்டும். குருத்து மண்ணுக்குள் புதையக் கூடாது. வெள்ளிமலை போன்ற மேட்டுப் பகுதிகளில் மழையும் பனிமூட்டமும் அதிகம் என்பதால் சரிவான, வடிகால் உள்ள இடங்களில் மட்டும் வைப்பது நல்லது. மழை தவறினால் முதல் இரண்டு மாதம் பத்து நாளைக்கு ஒரு குடம் ஊற்றலாம். அதன் பிறகு தண்ணீர் ஊற்றுவது கெடுதல். தழைச்சத்து உரம் வேண்டாம். மடல் கொழகொழவென்று வளர்ந்து முறிந்து விழும். முதல் ஆண்டு மட்டும் புல் மூடாமல் களை எடுக்கவேண்டும்.

வேலி அடைய மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை வெளிப்புறத்தில் சீமைக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டுக் காக்கலாம். நன்கு அடைந்த வேலியும் பன்றியை முழுவதும் நிறுத்திவிடும் என்று சொல்வதற்கில்லை. மண் இளகிய இடத்தில் அது அடியில் தோண்டப் பார்க்கும். ஆனால் கூட்டமாக ஓடிவந்து இறங்குவது நிற்கும். பத்து இடத்தில் காவல் இருந்தவர் இரண்டு இடத்தில் இருந்தால் போதும். ஆடுமாடுகள் இதில் வாய் வைப்பதில்லை.

முள்ளும் நாரும்

மடல் நுனியில் உள்ள முள் ஆணியைப் போன்றது. பிள்ளைகளின் கண் உயரத்தில் நிற்பதால், வழியோரம் உள்ள மடல்களின் நுனியை அரை அங்குலம் நறுக்கிவிடுவது கட்டாயம். பள்ளிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை ஒட்டி இதை நடவே கூடாது. நீண்டு வரும் மடல்களை வெட்டும்போது முழுக்கைச் சட்டை அணிந்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளவேண்டும்.

வேலியோடு நாரும் கிடைக்குமே என்று சிலர் கேட்கலாம். கிடைக்கும், ஆனால் அதை நம்பி வேலி வைக்கவேண்டாம். நாருக்கென்றே பயிராவது நார்க் கற்றாழை. அதன் மடலின் ஓரத்தில் பெரும்பாலும் முள் இராது, நுனியில் மட்டும் இருக்கும். ஒடிசாவில் பாம்ரா என்ற ஊரில் அதற்கென ஆராய்ச்சி நிலையமே உள்ளது. அந்த நார்க் கற்றாழையிலேயே 100 கிலோ பச்சை மடலுக்கு மூன்று, நான்கு கிலோ உலர்ந்த நார்தான் தேறும். நைலான் கயிறு வந்த பிறகு சந்தையும் முன்போல் இல்லை. வீட்டுத் தேவைக்கு மாட்டுக்கயிறு திரித்துக்கொள்ள, மடலை மழுங்கிய கத்தியால் சுரண்டி நார் எடுக்கலாம். ஏரியிலோ வாய்க்காலிலோ மடலை ஊறப்போடக் கூடாது. அந்தச் சாறு மீன்களுக்கு ஆகாது. குளிப்பவர்களுக்கும் அரிப்பு உண்டாகும்.

வேண்டாம் என்று பின்னால் நினைத்தால் எடுப்பது எளிதல்ல என்பதையும் இப்போதே சொல்லிவிடவேண்டும். மேலே வெட்டினால் போகாது. கிழங்குத் தண்டு முழுவதையும் பொக்லைன் வைத்துத் தோண்டி எடுக்க நேரிடும். அயல்நாட்டுச் செடியாதலால், உபரிக் கன்றுகளை ஓடையிலோ காட்டோரத்திலோ வீசக் கூடாது. விழுந்த இடத்தில் வேர் பிடித்துவிடும்.

பத்து முதல் இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் செடி பூக்கும். இருபது அடிக்கு மேல் உயரமாக ஒற்றைத் தண்டு சில வாரங்களில் எழும்பி நிற்பது பார்க்க அழகுதான். ஆனால் ஒரு செடி ஒரே முறைதான் பூக்கும்; பூத்த பின் காய்ந்துவிடும். தண்டை வெட்டிவிட்டாலும் தாய்ச் செடி பிழைக்காது. எல்லாக் கன்றுகளும் ஒரே சமயத்தில் நட்டவையாக இருந்தால் ஏறக்குறைய ஒரே காலத்தில் பூத்து, வேலி பல இடங்களில் ஓட்டையாகிவிடும். இதைத் தவிர்க்க, வெளி வரிசையை முதலிலும், உள் வரிசையை இரண்டு ஆண்டு கழித்தும் நடலாம். எந்தச் செடியிலாவது தண்டு தலைகாட்டியதும், அதன் அடியில் உள்ள கன்றுகளில் திடமான இரண்டை நிறுத்திவைத்து மற்றவற்றைக் களைந்துவிடவேண்டும். தாய் காய்ந்து சாய்வதற்குள் அவை அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும்.