நண்பர்கள் எழுத வேண்டிய நாடக வரலாறு

மலேசியாவின் பேராக் மாநிலத் தோட்டப்புற நாடகத்தின் வரலாற்றை ஆய்வாளர்கள் மட்டும் எழுதிவிட முடியாது. அந்த நடிகர்களோடு பழகிய நண்பர்கள்தாம் அதை முதலில் எழுத வேண்டும். ஈப்போவைச் சுற்றியும் சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் மாரியம்மன் திருவிழா இரவுகளில் மேடையேறியவர்கள் ரப்பர் மரங்களில் பால் வெட்டிய தொழிலாளர்கள். விடிய விடிய அரிச்சந்திரனாக நின்று மனைவியையும் மகனையும் விற்றவர், திருவிழா முடிந்ததும் காலை ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, உளியும் வாளியுமாக மர நிரைக்குப் போனார். பெண் வேடம் கட்டியவர் கழுத்து மடிப்பில் ஒட்டிய பவுடர் போகாமலே தோட்டக் கணக்கரான கிராணி முன் நின்றிருப்பார். ராஜபார்ட்டையும் தொழிலாளியையும் ஒரே ஆளாகப் பார்த்தவர் பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசைவீட்டு) நண்பர்தான்.

பத்திரிகைகள் இருந்தனவே என்று கேட்கலாம். 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019 வரை வந்தது. ஆனால் நாடகச் செய்தி என்றால் நம் ஏடுகளின் வழக்கம் தெரிந்ததே: தலைமை வகித்தவர் யார், மாலை அணிவித்தவர் யார், நன்றி நவின்றவர் யார். (நடித்தவர் பெயர் கடைசி வரியில் இருந்தால் அதிர்ஷ்டம்.) அந்த நடிகர் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினார் என்பது செய்தியாளருக்குத் தேவைப்படவில்லை. நாடக நோட்டுகளாவது மிஞ்சினவா என்றால், ஊரே நிலைக்கவில்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. முள்வேலியும் ஊரடங்கும் வந்தபின் இரவு நாடகம் எளிதான காரியமா? அடுத்தது, பெரிய தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடல். அதை எதிர்கொள்ளத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சனங்கள் பட்டணத்துக்குப் போனார்கள். லயங்கள் இடிந்தபோது தகரப் பெட்டிகளில் இருந்த நோட்டுகள் என்னவாகியிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

நண்பனின் நினைவு நம்பத்தக்கதா? புகழ்ந்துதானே பேசுவான், ஆண்டையும் குழப்புவானே? நியாயமான கேள்விதான். ஆனால் ஆண்டை நாளேட்டில் சரிபார்க்கலாம்; கையசைவை எங்கே போய்ச் சரிபார்ப்பது? தமிழ்நாட்டையே பாருங்கள். பாலர் நாடக சபைகளுக்குள் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள், நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எப்படிப் பயிற்றுவித்தார் என்பதெல்லாம் நமக்கு இவ்வளவு துலக்கமாகத் தெரிவதற்கு, அங்கே வளர்ந்த நடிகர் அவ்வை தி. க. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’ எழுதி வைத்ததே பெரும் காரணம். சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதினார் என்பதையும், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் சபை நாட்களையும் சண்முகம் உடனிருந்து கண்டவராகச் சொல்கிறார். அந்த நூலில் பாசம் இருக்கிறது. அதனால் அது ஆவணம் இல்லை என்று எவரும் ஒதுக்கவில்லை. நம் இரங்கல் கட்டுரைகளைக் கெடுப்பது நட்பு அல்ல, ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று எழுதிப் பேனாவை மூடிவிடும் சோம்பல்.

தோட்டத்து நடிகர் ஒருவரோடு பழகியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருக்கு இன்று எழுபது வயதைத் தாண்டியிருக்கும். இந்த வாரமே கைபேசியை முன்னால் வைத்துப் பேசச் சொல்லுங்கள். நல்லவர், வல்லவர் என்பதெல்லாம் பிறகு இருக்கட்டும். தோட்டத்தின் பெயர், வேடத்தின் பெயர், அரிதாரம் பூசிவிட்டவர் யார், ஆர்மோனியம் வாசித்தவர் யார் என்று கேட்டுப் பதிந்துவிடுங்கள்.