சோழவரத்திலிருந்து டாக்கார் வரை

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் சாலையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை கட்டிய மொபெட்டைப் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டிகளின் மூதாதை, 1980-ல் ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50. இருவர் அமரக்கூடிய முதல் இந்திய மொபெட். இரண்டே ஆண்டில், 1982-ல், அதன் தயாரிப்பாளர்கள் டிவிஎஸ் ரேசிங் என்ற பந்தய அணியைத் தொடங்கினார்கள்.

அன்று சென்னைக்கு அருகே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுபாதையில்தான் பந்தயம். 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது.

2015-ல் பிரான்சின் மோட்டார் சைக்கிள் நிறுவனமான ஷெர்கோவோடு சேர்ந்து அணி டாக்கார் ராலி என்ற நெடுந்தூரப் பந்தயத்துக்குப் போனது. அன்று அங்கே ஹேண்டில்பாருக்கு மேலே ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் சுருட்டிய காகிதத்தில் வழிக்குறிப்பு. மணல்மேட்டில் வண்டி துள்ளும்போதே கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி, காகிதத்தை உருட்டிப் படிக்க வேண்டியிருந்தது. கை நடுங்கினால் வழி தப்பும். 2019-ல் பெரு நாட்டுப் பாலைவனத்தை இப்படிக் கடந்து அணியின் வீரர் கே.பி. அரவிந்த் 37-ஆம் இடத்தில் முடித்தார். பத்து நாள் மணலில் ஓட்டி முடிப்பதே பெரிய வெற்றி.

அதே ஆண்டு இந்த அணியின் ஐஸ்வர்யா பிஸ்ஸே, கரடுமுரடான தடங்களில் ஓட்டும் பாஜா பந்தயங்களின் உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவை வென்றார். மோட்டார் பந்தயத்தில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்.