பெயர் விளங்கும் கட்டளைகள்: இதய, நெஞ்சக அறுவைத் துறையின் விருதுகளும் சொற்பொழிவுகளும்

இதய, நெஞ்சக அறுவை மருத்துவத்தில் ஒருவரைச் சிறப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று விருது: செய்து முடித்த வேலைக்காகப் பதக்கமோ பணமுடிப்போ பட்டமோ தருவது. மற்றது நினைவுச் சொற்பொழிவு: மறைந்த முன்னோடி ஒருவரின் பெயரில் மேடை அமைத்து, இன்று அத்துறையில் முன்னிற்கும் ஒருவரை அதில் பேச அழைப்பது. மருத்துவர்கள் இதை ‘ஒரேஷன்’ என்பார்கள்.

சொற்பொழிவுக்குப் பணம் வரும் வழி சிதம்பரத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. கோயிலில் ஒரு காலப் பூசைக்கோ ஒரு நாள் திருவிழாவுக்கோ நிலமோ பணமோ எழுதிவைப்பதற்குக் கட்டளை என்று பெயர். முதலில் கை வைக்காமல் அதன் வருமானத்தைக் கொண்டே ஆண்டுதோறும் காரியம் நடக்கும். 1794-இல் காலமான வள்ளல் பச்சையப்ப முதலியார் சிதம்பரம் கோயிலுக்கும் இப்படிக் கட்டளை விட்டுச் சென்றவர். அவருடைய அறநிதியிலிருந்துதான் 1842-இல் சென்னையில் பள்ளிக்கூடமும் எழுந்தது. பூசைக்கு வைத்த சொல்லைக் கல்வியும் எடுத்துக்கொண்டது. பல்கலைக்கழக அழைப்பிதழ்களில் ‘அறக்கட்டளைச் சொற்பொழிவு’ என்று அச்சாவது அதனால்தான்.

மருத்துவச் சங்கங்களின் நடைமுறையும் இதுவே. மறைந்தவரின் குடும்பத்தாரோ மாணவர்களோ ஒரு தொகையைச் சங்கத்திடம் ஒப்படைப்பார்கள். அது வங்கியில் வைப்புநிதியாகும். அதன் வட்டியில் பதக்கம் அடிக்கப்படும். பேச வருபவரின் பயணச் செலவும் அதிலேயே முடியும். தங்கம் விலை ஏற ஏற, தங்கப் பதக்கம் தங்க முலாம் பூசியதாக மாறிப்போவதும் உண்டு. பதக்கத்தின் எடை குறைந்தாலும் பெயர் ஆண்டுக்கொருமுறை ஒலித்துக்கொண்டிருக்கும்.

மருத்துவ உலகின் மிகப் பழைய கட்டளைகளில் ஒன்று இதயத்தோடு தொடர்புள்ளது. இதயம் இரத்தத்தை உடலெங்கும் சுற்றவைக்கிறது என்று 1628-இல் வெளியிட்ட நூலில் நிறுவிய வில்லியம் ஹார்வி, 1656-இல் லண்டன் மருத்துவர் கழகத்துக்குச் சொத்து எழுதிவைத்து, ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடத்தப் பணித்தார். இயற்கையின் இரகசியங்களைச் சோதனை செய்து அறியுமாறு உறுப்பினர்களை ஊக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. ‘ஹார்வி சொற்பொழிவு’ இன்றும் நடக்கிறது. அறுவை மருத்துவர்களுக்கு அதே ஊரில் ‘ஹன்டர் சொற்பொழிவு’ உண்டு. ஜான் ஹன்டரின் பெயரில் 1813-இல் ஏற்பட்டது அது. அவர் பிறந்த பிப்ரவரி 14-ஐ ஒட்டி நடப்பது மரபு. ஹன்டர் நெஞ்சுவலிக்காரர். தன்னைக் கோபப்படுத்தும் எவன் கையிலும் தன் உயிர் இருக்கிறது என்று சொல்லிவந்தவர், 1793-இல் மருத்துவமனைக் கூட்டமொன்றில் மூண்ட வாக்குவாதத்தை அடுத்து உயிர்விட்டார்.

மாநாட்டில் ஒரேஷனுக்குத் தனி நேரம் ஒதுக்குவார்கள். அப்போது மற்ற அரங்குகளில் அமர்வு இராது. முதலில் யாருடைய பெயரில் சொற்பொழிவு நடக்கிறதோ அவருடைய வாழ்க்கைக் குறிப்பு. பிறகு பேசப்போகிறவரைப் பற்றிய பாராட்டுரை. கழுத்தில் பதக்கம் விழும். தமிழ்நாடு என்றால் பொன்னாடையும் சேரும். ஆய்வுக் கட்டுரை படிப்பவரை அவையினர் கேள்விகளால் துளைப்பார்கள். ஒரேஷன் முடிந்த பிறகோ கேள்வி நேரம் கிடையாது. பேசுபவர் வாதம் செய்ய வந்தவரல்ல, ஒரு வாழ்நாளின் அனுபவத்தைத் தொகுத்துச் சொல்ல வந்தவர் என்பதே இதன் பொருள். தோல்வியடைந்த அறுவைகளைப் பற்றி மூத்த மருத்துவர்கள் மனம்விட்டுப் பேசுவதற்கும் இந்த மேடை இடம் தருகிறது.

பேசுவதற்கு மட்டுமல்ல, கற்பதற்கும் கட்டளைகள் உண்டு. 1917-இல் தொடங்கிய அமெரிக்க நெஞ்சக அறுவைச் சங்கம், எவார்ட்ஸ் கிரஹாம் பெயரில் வெளிநாட்டு இளம் மருத்துவர்களுக்குப் பயணக் கல்விநிதி வழங்குகிறது. 1933 ஏப்ரலில் புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரலை ஒரே அறுவையில் முழுதாக அகற்றி வெற்றி கண்டவர் கிரஹாம். நோயாளியும் ஒரு மருத்துவரே. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள உறவைக் காட்டிய 1950-ஆம் ஆண்டு ஆய்விலும் கிரஹாம் பங்கேற்றார். அவரே நெடுங்காலம் புகைத்தவர். 1957-இல் அதே நோயால் இறந்தார். அவர் காப்பாற்றிய நோயாளி அவருக்குப் பிறகும் சில ஆண்டுகள் வாழ்ந்தார்.

உலக அளவில் உயர்ந்த விருதான நோபல் இத்துறையை நேரடியாகத் தொட்டது குறைவு. 1912-இல் அலெக்ஸி கரேல் இரத்தக்குழாய்களைத் தைக்கும் முறைக்காக அதைப் பெற்றார். குழாயின் வட்டமான வாயில் மூன்று இடங்களில் நூல் போட்டு இழுத்தால் வட்டம் முக்கோணமாகிவிடும்; பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் நேர்கோடாகத் தைக்கலாம், எதிர்ச்சுவரில் ஊசி மாட்டாது. நுண்ணிய ஊசியைக் கையாள லியோன் நகரத்துப் பூத்தையல் பெண்மணி ஒருவரிடம் அவர் பாடம் கேட்டார் என்பது புகழ்பெற்ற செய்தி. 1929-இல் தன் கைச் சிரை வழியாக இதயத்துக்குள் குழாய் செலுத்தி, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே சென்று படமெடுத்துக்கொண்ட வெர்னர் ஃபோர்ஸ்மன், மேலும் இருவருடன் 1956-இல் நோபலைப் பகிர்ந்தார்.

இதய அறுவையாளர்களை அதிகம் தேடிவந்தது அமெரிக்காவின் லாஸ்கர் விருது. இதய-நுரையீரல் இயந்திரத்தை உருவாக்கி 1953-இல் முதன்முதலில் வெற்றியுடன் பயன்படுத்திய ஜான் கிப்பனுக்கு 1968-இலும், செயற்கை வால்வுகளுக்காக ஆல்பர்ட் ஸ்டார், அலென் கார்ப்பென்டியே இருவருக்கும் 2007-இலும் அது கிடைத்தது.

விருது ஒருவரைக் காட்டும்போது இன்னொருவரை மறைப்பதும் உண்டு. பிறவி இதயக் கோளாறால் உடல் நீலம் பாரிக்கும் குழந்தைகளுக்கான அறுவை 1944 நவம்பர் 29 அன்று பால்டிமோரில் முதன்முதலாக நடந்தது. கத்தி பிடித்தவர் ஆல்பிரட் பிளேலாக். யோசனை தந்தவர் குழந்தை மருத்துவர் ஹெலன் டாசிக். ஆய்வகத்தில் நாய்களிடம் அந்த அறுவையை மறுபடி மறுபடி செய்து முறைப்படுத்தியவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளர். கல்லூரிப் படிப்புக்குப் பணமில்லாமல் நின்றுபோனவர் அவர். சம்பளப் பட்டியலில் அவருடைய வேலை துப்புரவாளர் வகையில் இருந்தது. அன்று அறுவை அரங்கில் பிளேலாக்கின் பின்னால் ஒரு முக்காலிமேல் நின்று, தையலுக்குத் தையல் வழிகாட்டினார். 1954-இல் பிளேலாக்கும் டாசிக்கும் லாஸ்கர் விருது பெற்றனர். தாமஸுக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் தந்தது 1976-இல். இப்போது அந்த அறுவையின் பெயரில் மூன்று பெயர்களையும் சேர்த்தே பலர் எழுதுகிறார்கள்.

இந்தியாவில் நெஞ்சக அறுவை தனித்துறையாக வேரூன்றிய இடங்களில் முதன்மையானது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. 1940-களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து அங்கே வந்த ரீவ் பெட்ஸ் தொடங்கிய துறையில், 1960-களின் தொடக்கத்தில் என். கோபிநாத் திறந்த இதய அறுவையைச் செய்தார்; 1974-இல் பத்மஸ்ரீ பெற்றார். 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நாட்டின் முதல் இதய பைபாஸ் அறுவையைச் செய்த கே. எம். செரியனுக்கு 1991-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. திருவனந்தபுரத்தில் இந்திய விலைக்கேற்ற செயற்கை வால்வை உருவாக்கிய எம். எஸ். வலியத்தான் 2005-இல் பத்மவிபூஷண் ஆனார். 1994 ஆகஸ்டில் டெல்லி எய்ம்ஸில் வெற்றிகரமான முதல் இதய மாற்று அறுவையைச் செய்த பி. வேணுகோபாலுக்கு 1998-இல் பத்மபூஷண். பம்பாயில் 1968 பிப்ரவரியில் இதய மாற்றுக்கு முயன்ற பி. கே. சென்னின் நோயாளி சில மணி நேரமே உயிருடன் இருந்தார். ஆனாலும் அடுத்த ஆண்டே சென்னுக்குப் பத்மபூஷண் வந்தது. வென்றவரை மட்டுமல்ல, துணிந்தவரையும் நாடு மதித்திருக்கிறது.

இந்த வரிசைக்குப் போகும் பாதை நெடியது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக உள்ள நிறுவனத்தில் ஒருவர் எம்.பி.பி.எஸ். சேர்கிறார் என்று கொள்வோம். பயிற்சி ஆண்டோடு அதற்கு ஐந்தரை ஆண்டு, பொது அறுவை எம்.எஸ். 3 ஆண்டு, இதய-நெஞ்சக அறுவை எம்.சிஎச். 3 ஆண்டு, ஆகமொத்தம் 11 ஆண்டுகளுக்கு மேல். பாடத்தில் முதலிடத்துக்கான பதக்கம், மாநாட்டில் பயிற்சி மருத்துவர்களின் சிறந்த கட்டுரைக்கான பரிசு, வெளிநாட்டுப் பயணநிதி ஆகிய சிறு கட்டளைகள்தான் இந்த நெடுவழியின் சத்திரங்கள்.

கடலூரில் இதய அறுவை மருத்துவரைத் தேடிப் போகும் நோயாளியின் கண்ணில் முதலில் படுவது பெயர்ப்பலகை. அதில் எம்.எஸ்., எம்.சிஎச். என்பன தேர்வெழுதிப் பெற்ற பட்டங்கள். எஃப்.ஏ.சி.எஸ். போன்றவை சங்கங்கள் தகுதி பார்த்துத் தரும் உறுப்புரிமை. பத்மஸ்ரீ போன்றவை அரசின் மரியாதை; விதிப்படி அவற்றைப் பெயருக்கு முன்னோ பின்னோ பட்டமாகச் சேர்க்கக் கூடாது. கட்டணம் கட்டினால் வீட்டுக்கே வரும் ‘சிறந்த மருத்துவர்’ கேடயங்களும் புழக்கத்தில் உள்ளன. யார் தந்தது, தேர்ந்தெடுத்தவர்கள் யார், எந்த வேலைக்காக என்ற மூன்றையும் கேட்டால் கேடயத்தின் தரம் தெரிந்துவிடும். நோயாளி முதலில் பார்க்க வேண்டியது எம்.சிஎச். இருக்கிறதா என்பதைத்தான்.