கரை திரும்ப ஒரு கைக்கருவி
ஜி.பி.எஸ். வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

கோலார் தங்கவயல்: தங்கவயலுக்கும் கடலுக்கும் வெகு தூரம். ஆனால் தங்கவயல் குடும்பங்களுக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு தூரமானதல்ல. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு, லைன் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் பலர் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் வளைகுடா நாடுகளுக்குப் போயிருக்கிறார்கள். கடலோர ஊர்களில் சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவரிடம், "மாமாவின் படகுக்கு ஒரு ஜி.பி.எஸ். வாங்கி வா" என்று சொல்லியனுப்புவதும் இன்று நடக்கிற காரியமே.

கடையில் நின்று பார்த்தால் எல்லாக் கருவியும் ஒன்று போலத்தான் தெரியும். விலையில் மட்டும் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு வித்தியாசம். எதை வாங்குவது? குறைந்த விலைக் கருவி போதுமா? மாதச் சம்பளக்காரர் தம் பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள் உண்டு.

ரேடியோ போன்றதே

ஜி.பி.எஸ். கைக்கருவி எதையும் அனுப்புவதில்லை. கேட்க மட்டுமே செய்கிறது. அந்த வகையில் அது நம் வீட்டு டிரான்சிஸ்டர் ரேடியோ போன்றது. பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரக் குறிப்புகளை அது வாங்குகிறது. குறைந்தது நான்கு கோள்களின் குறிப்பு கிடைத்தால் தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும். இதற்கு சிம் கார்டு வேண்டாம். மாதச் சந்தாவும் இல்லை. ஆனால் தலைக்கு மேல் வானம் திறந்திருக்க வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வேலை நடந்த சாம்பியன் ரீப் சுரங்கத்தில் இந்தக் கருவி வெறும் பிளாஸ்டிக் பெட்டிதான்.

ராணுவத்துக்கென்று அமைத்த ஏற்பாடு இது. 1983 செப்டம்பர் 1ஆம் தேதி, வழி தவறி சோவியத் எல்லைக்குள் போன தென்கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே இது பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று அமெரிக்க அதிபர் ரீகன் அரசு அறிவித்தது. ஆயினும் பொதுமக்களுக்கான குறிப்பில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். இடம் 100 மீட்டர் வரை தவறிக் காட்டும். 2000ஆம் ஆண்டு மே மாதம் அந்தப் பிழையை நீக்கினார்கள். இன்று விலை குறைந்த கருவியும் திறந்த வெளியில் பத்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடுகிறது. ஆகவே அதிக விலை கொடுத்தால்தான் சரியான இடம் தெரியும் என்று எண்ண வேண்டியதில்லை.

கணிச்சமும் கருவியும்

கன்னியாகுமரிக் கடலோரத்திலும் அதையடுத்த திருவனந்தபுரம் கடலோரத்திலும் மீனவர்கள் "கணிச்சம்" என்று ஒரு முறையைக் கையாண்டு வந்தார்கள். கடலில் நின்று பார்க்கும்போது கோவில் கோபுரம் ஒன்றும் பின்னால் உள்ள மலை முகடு ஒன்றும் ஒரே நேர்கோட்டில் வரும். வேறு பக்கத்தில் இன்னொரு ஜோடி அடையாளம் நேர்கோட்டில் வரும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நீருக்கடியில் மீன் கூடும் பாறைப் பார் இருக்கும். காகிதமும் எழுத்தும் இல்லாமல் தகப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு அது.

கரை கண்ணுக்குத் தெரியும் வரையில்தான் கணிச்சம் பலிக்கும். மழை மூட்டத்திலும் இரவிலும் அது உதவாது. கருவி வந்தபின், கரை மறைந்த தொலைவிலும் ஓர் இடத்தைப் பதிந்து வைத்துக்கொண்டு மறுமுறை அங்கேயே போய்ச் சேர முடிகிறது. அப்படிப் பதிந்த இடத்தை மீனவர்கள் "பாயிண்ட்" என்கிறார்கள். ஒருவர் சேர்த்து வைத்த பாயிண்டுகள் அவருடைய சொத்து. எளிதில் பிறருக்குக் காட்டமாட்டார். இந்த வேலைக்கு வண்ணத் திரையோ உயர்ந்த வரைபடமோ தேவையில்லை. ஆயிரம் பாயிண்டுகளைப் பதியும் கருவி தாராளமாகப் போதும். குறைந்த விலையில் பலரும் வாங்கிய கார்மின் ஈடிரெக்ஸ் 10 அவ்வளவையும் பதியக்கூடியது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலில் பேட்டரி. இரண்டு பென்சில் செல் போட்டு ஓடும் கருவியே கடலுக்கு ஏற்றது. உள்ளேயே மூடி வைத்த பேட்டரி தீர்ந்துபோனால் நடுக்கடலில் என்ன செய்ய முடியும்? ஈடிரெக்ஸ் 10 ஏறக்குறைய 25 மணி நேரம் ஓடும் என்றும், 2023இல் வந்த ஈடிரெக்ஸ் எஸ்.இ. 168 மணி நேரம் வரை ஓடும் என்றும் கம்பெனி சொல்கிறது. கம்பெனிக் கணக்கில் பாதியை நம்பி, மீதிக்கு அல்கலைன் செல்களை நீர் புகாத டப்பாவில் எடுத்துச் செல்வதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது தண்ணீர். அட்டைப் பெட்டியில் "ஐ.பி.எக்ஸ். 7" என்று அச்சிட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். சோதனை நடப்பது நல்ல தண்ணீரில்; உப்பு நீர் பட்டால் கரைக்கு வந்ததும் துடைத்தாக வேண்டும். தண்ணீர் புகாத கருவியெல்லாம் மிதக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஈடிரெக்ஸ் வகை மூழ்கிவிடும். அதே கம்பெனியின் ஜி.பி.எஸ். 72எச், ஜி.பி.எஸ்.மேப் 78, 79 வகைகள் மிதக்கும். மூழ்கும் கருவியை வாங்கினால் ஒரு நல்ல கயிற்றில் கட்டிப் படகோடு முடிந்து வைக்க வேண்டும்.

மூன்றாவது பொத்தான். ஈரக் கைக்குத் தொடுதிரை சரிவராது. அழுத்தும் பொத்தான் உள்ளதே மேல். ஆள் கடலில் விழுந்துவிட்டால் அந்த இடத்தை உடனே பதிந்து வைக்கும் வசதி இருக்கிறதா என்றும், அது எத்தனை அழுத்தத்தில் வருகிறது என்றும் கடையிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

நான்காவது திசை. விலை குறைந்த பல கருவிகளில் திசைகாட்டி தனியாக இருப்பதில்லை. படகு ஓடும்போதுதான் எந்தப் பக்கம் போகிறோம் என்று காட்டும். எஞ்சின் நின்றுவிட்டால் அம்புக்குறியை நம்பக் கூடாது. சாதாரணக் காந்தத் திசைகாட்டி ஒன்று கூடவே இருக்கட்டும்.

ரஷ்யாவின் கிளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ ஆகிய கோள்களையும் வாங்கும் கருவி என்றால், மலை இடுக்கிலும் மரநிழலிலும் இடம் சீக்கிரம் கிடைக்கும். நம் நாட்டு "ககன்" ஏற்பாட்டையும் ஏற்றுக்கொண்டால் துல்லியம் கூடும். திறந்த கடலில் இவை இல்லாததால் பெரிய நஷ்டம் இல்லை. இன்னொன்று: கைக்கருவி ஆழத்தையோ மீனையோ காட்டாது. அது எக்கோ சவுண்டரின் வேலை. "மீனைக் காட்டும்" என்று சொல்லி விற்பவரிடம் ஏமாற வேண்டாம்.

பழைய கருவி மலிவாகக் கிடைத்தால், அதில் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 2019 ஏப்ரல் 6ஆம் தேதி ஜி.பி.எஸ். வாரக் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. அதற்கேற்பத் திருத்தப்படாத பழைய கருவிகள் ஏறக்குறைய இருபது ஆண்டுக்கு முந்திய தேதியைக் காட்டும்.

எழுதிக்கொள்வதில் கவனம்

வாங்கியபின் நேரும் தவறு பெரும்பாலும் எண்ணில்தான் வருகிறது. கடலில் ஒரு அட்சரேகை நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். ஒருவருடைய கருவி 17.50 நிமிடம் என்று தசமத்தில் காட்டுகிறது. அதைக் கேட்ட மற்றவர் 17 நிமிடம் 50 விநாடி என்று தம் கருவியில் பதிகிறார். உண்மையில் அது 17 நிமிடம் 30 விநாடி. இடம் 600 மீட்டருக்கு மேல் தவறிப்போயிற்று. கூடிப் போகும் படகுகள் எல்லாம் ஒரே முறையில் எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். "டபிள்யூ.ஜி.எஸ். 84" என்ற அமைப்பில் கருவி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாக் நீரிணையில் இந்த 600 மீட்டர் சிறிய விஷயமல்ல. இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஆண்டுகளில் செய்துகொண்ட உடன்பாடுகளின்படி வகுத்த எல்லைக்கோடு ராமேஸ்வரத்துக்கு மிக அருகில் ஓடுகிறது. கோட்டைத் தாண்டினால் படகும் போகும், ஆளும் சிறையில். மலிவான கருவியில் அந்தக் கோடு வரைந்திருக்காது. மீன்வளத் துறையிடம் எண்களைக் கேட்டு வாங்கி, கோட்டுக்கு இப்பாலேயே எச்சரிக்கை மணி அடிக்கும்படி பதிந்து வைக்க வேண்டும். அந்த மணி வசதி உள்ள கருவியையே பாக் நீரிணைக்கு வாங்க வேண்டும்.

கூப்பிட்டால் கேட்காது

இனிச் சொல்வது எல்லாவற்றையும்விட முக்கியம். ஜி.பி.எஸ். நீங்கள் இருக்கும் இடத்தை உங்களுக்குச் சொல்லும்; உலகத்துக்குச் சொல்லாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரி அருகே உருவானபோது, ஆழ்கடலில் தொழில் செய்துகொண்டிருந்த தூத்தூர் வட்டாரத்துப் படகுகளில் ஜி.பி.எஸ். இருந்தது. ஆனால் வயர்லெஸ் எட்டாத தொலைவில் இருந்தவர்களுக்குப் புயல் செய்தி போய்ச் சேரவில்லை. தாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தும் திரும்பிவராதவர்கள் பலர்.

இக்குறையை நீக்க, இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் உருவான டிரான்ஸ்பாண்டர் கருவியை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்டு 30ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கியது. மீனவருக்கு இது இலவசம். ஆபத்தில் கரைக்குச் செய்தி அனுப்பலாம். கரையிலிருந்து புயல் எச்சரிக்கையும் வரும். பதிவு பெற்ற படகு வைத்திருப்பவர் கடைக்குப் போகுமுன் மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய் விசாரிப்பது நல்லது.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வருவோருக்கு ஓர் எச்சரிக்கை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளும், துராயா, இரிடியம் போன்ற தொலைபேசிகளும் இந்தியாவில் அரசு அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாதவை. பார்வைக்கு ஜி.பி.எஸ். போலவே இருக்கும். ஜி.பி.எஸ்.மேப் 67 என்பது வெறும் வழிகாட்டி. அதே எண்ணுக்குப் பின்னால் "ஐ" என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது செய்தியும் அனுப்பும். அந்த ஓர் எழுத்தால் விமான நிலையத்தில் வழக்கைச் சந்திக்க நேரலாம். பெட்டியில் "இன்ரீச்" என்ற பெயர் இருந்தால் வாங்கவே வேண்டாம்.

யாருக்கு எது?

பேத்தமங்கலம் ஏரிக்கரையில் தூண்டில் போடுகிறவருக்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அந்தரகங்கை மலை ஏறும் இளைஞருக்குக் கையிலுள்ள செல்போனே போதும். டவர் இல்லாத இடத்திலும் செல்போன் ஜி.பி.எஸ். வேலை செய்யும், வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பல நாள் காட்டுவழி நடப்பவருக்குப் பென்சில் செல்லில் ஓடும் சிறிய கருவி உதவும்.

கடலுக்குப் போகிற உறவினருக்கு என்றால், மிதக்கிற, பொத்தான் உள்ள, செல் மாற்றக்கூடிய எளிய கருவியாக, பில்லும் கியாரண்டியும் பெற்று வாங்குங்கள். வண்ணத் திரையில் மிச்சம் பிடித்த பணத்தில் உபரி செல், திசைகாட்டி, மிதவைச் சட்டை மூன்றையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். மீன் கிடைத்த இடத்தைப் பதிவதற்கு முன்னால், புறப்பட்ட துறையை முதல் பாயிண்டாகப் பதியச் சொல்லுங்கள். காத்திருக்கும் குடும்பத்துக்கு வேண்டியது அந்த ஒரு பாயிண்ட்தான்.