ஒளியை ஆளும் அமைப்பு

புத்தளம் மாவட்டக் கடற்கரையில் வாழ்வோர்க்குச் சிப்பி புதியதன்று. முத்துக்குளிப்பைத் தமிழிற் சலாபம் என்பர். சிலாபம் என்னும் ஊர்ப்பெயர் அதன் வழி வந்ததெனக் கூறுவாரும் உளர். பெருங்குளிப்புகள் ஓய்ந்து நெடுங்காலமாயிற்று. எனினும், கரையில் ஒதுங்கும் சிப்பியின் உட்புறத்தை வெயிலிற் சாய்த்துப் பார்க்குமிடத்து, இளஞ்சிவப்பும் பச்சையும் நீலமும் மாறி மாறித் தோன்றுதலை இன்றும் காணலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பு மாணவன் ஒருவன் அத்தகைய சிப்பித் துண்டொன்றை உரலிலிட்டு இடித்து, அப்பொடியைத் தாளில் மடித்துக் கொணர்ந்தான். பொடி வெறும் வெண்ணிறமாக இருந்தது. நிறமெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டான். இடித்தமையாற் சாயம் கெட்டுவிட்டது என்று யான் விடை கூறினேன். அவ்விடை பிழையானது. யான் வெளிவாரியாகக் கலைப்பட்டம் பெற்றவன். பௌதிகவியலை முறையாகக் கற்றவனல்லேன். எனினும், அறியாததை அறிந்தாற்போலச் சொல்லுதல் ஆசிரியனுக்குத் தகாது. அப்பிழையைத் திருத்தும்பொருட்டுத் தேடிக் கற்றவற்றையே ஈண்டுத் தருகின்றேன்.

பொருள்களின் நிறம் இருவகையாற் பிறக்கும். மஞ்சளின் நிறமும் நீலச்சாயத்தின் நிறமும் பொருளின் தன்மையாற் பிறப்பன. எத்துணை அரைப்பினும் அவை நீங்கா. சிப்பியின் நிறமோ அமைப்பாற் பிறப்பது. சிப்பியின் உட்படை பெரும்பாலும் கல்சியங்காபனேற்றினால் ஆயது. சுண்ணக்கல்லும் அதனால் ஆயதே. அதற்கெனத் தனி நிறமில்லை. ஆனால், சிப்பியில் அது ஏறத்தாழ 0.0005 மில்லிமீற்றர் தடிப்புள்ள சிறு தட்டுகளாகி, ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டுள்ளது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் 0.0004 முதல் 0.0007 மில்லிமீற்றர் வரையில் அமைவது. அடுக்கின் அளவும் அலையின் அளவும் ஒத்திருத்தலின், ஒவ்வோர் அடுக்கிலும் தெறிக்கும் அலைகள் தம்முள் தலையிட்டு, சில நிறங்களை வலுப்படுத்திச் சிலவற்றை அழிக்கின்றன. இடித்தபோது பொருள் அழிந்திலது, அடுக்கே அழிந்தது. அதனுடன் நிறமும் போயிற்று.

இதற்கு அழகியதொரு சான்று உண்டு. சிப்பியின் மேற்பரப்பிலும் நுண்ணிய வரிகள் உள. 1814ஆம் ஆண்டிலே டேவிட் புறூஸ்ரர் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர், சிப்பியை மெழுகிற் பதித்தெடுத்தபோது, அதன் வர்ணங்கள் மெழுகிலும் தோன்றக் கண்டார். சிப்பியின் பொருள் மெழுகிற்கு வரவில்லை, வடிவமே வந்தது. 1930களிற் சர் சி. வி. இராமனும் சிப்பிகளின் வர்ணஜாலத்தை விரிவாக ஆராய்ந்தார். முருகன் ஊர்தியாகிய மயிலின் தோகையும் இவ்வினத்ததே. அதிலுள்ள கருநிறமி நுண்கோல்களாகி ஒழுங்கான வலைபோல அமைந்துள்ளது. கோல்களின் இடைவெளி சிறிது மாற, நீலம் பச்சையாகின்றது.

இயற்கை செய்யும் இதனை மனிதர் செய்தல் இயலுமா? ஒளியை ஆள மனிதர் கைக்கொண்ட பழைய கருவி ஆடியாகும். அதனை மிகச் சிறிதாக்கி அசையச் செய்தல் ஒரு வழி. 1987இல் ஐக்கிய அமெரிக்காவில் ரெக்சஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த லறி ஹோன்பெக், சிலிக்கன் சில்லொன்றின் மீது அசையும் நுண்ணாடிகளை அமைத்தார். தலைமயிரின் தடிப்பிலும் குறைந்த அகலமுடைய இலட்சக்கணக்கான ஆடிகள் அத்தகைய சில்லொன்றில் இடம்பெறும். ஒவ்வோர் ஆடியும் மின்விசையால் இப்புறமோ அப்புறமோ சாய்ந்து, திரையிலுள்ள ஒரு புள்ளிக்கு ஒளியை அனுப்பும், அல்லது விலக்கும். ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான முறை சாய வல்லனவாதலின், ஒளி விழும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் புள்ளியின் பிரகாசத்தை அவை மாற்றுகின்றன. படமாளிகைகளிலும் பாடசாலைகளிலும் உள்ள படமெறிகருவிகள் பலவற்றுள் இவ்வாடிகளே தொழில்புரிகின்றன.

மற்றைய வழி, சிப்பியைப் போன்று அசையாத அமைப்பினாலேயே ஒளியை ஆளுதல். அலைநீளத்தினுஞ் சிறிய உறுப்புகளை ஒழுங்குபெற அமைத்து, மூலப்பொருளில் இல்லாத இயல்பை அதற்கு உண்டாக்குவர். இத்தகைய செயற்கைப் பொருளை இந்நாளில் மெற்றாமெற்றீரியல் என வழங்குவர். யாம் மீப்பொருள் எனலாம். சொல் புதியதாயினும் கருத்துப் பழையது. அதன் முன்னோடிகளுள் ஒருவராக ஜகதீச சந்திர போஸ் போற்றப்படுகின்றார்.

கல்கத்தா மாநிலக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த போஸ், சில மில்லிமீற்றர் முதலான அலைநீளமுடைய மின்னலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். 1898இல் இலண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டில் வெளியான அவரது கட்டுரை, முறுக்கிய சணல்நார்க் கட்டுகளைப் பற்றியது. அலை அதிரும் திசை ஒழுங்குபட்டிருத்தலை முனைவாக்கம் என்பர். வலமுறுக்குள்ள கட்டுகள் அவ்வதிர்வுத் தளத்தை ஒருபுறமும், இடமுறுக்குள்ளவை மறுபுறமும் சுழற்றின. சீனிக் கரைசல் ஒளிக்குச் செய்வதைச் சணல் மின்னலைக்குச் செய்தது. தென்னந்தும்பிற் கயிறு திரிக்கும் நம்மூரார்க்கு வலமுறுக்கும் இடமுறுக்கும் நன்கு தெரியும். இரண்டிலும் நார் ஒன்றே; முறுக்கே வேறு.

இவ்வழி பின்னர் வியத்தகு எல்லைகளை எட்டியது. நீரில் ஊன்றிய கோல் முறிந்தாற்போலத் தோன்றுதற்குக் காரணம் ஒளிமுறிவு. இயற்கைப் பொருள்களிற் காணாத எதிர்ப்புறமாக அலையை முறிக்கும் பொருள் இருத்தல் கூடுமென 1967இல் உருசிய அறிஞர் வெசெலாகோ கணித்துரைத்தார். செப்பு வளையங்களையும் கம்பிகளையும் ஒழுங்காக நிரைத்து, நுண்ணலைகளைக் கொண்டு அதனை 2001இல் அமெரிக்க ஆய்வாளர் மெய்ப்பித்தனர்.

இனி, தமிழர் ஒருவரின் பணியைக் கூறவேண்டும். இராமனின் மருகராகிய சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம் 1934இற் பிறந்தவர். பெங்களூரிலுள்ள இராமன் ஆராய்ச்சி நிலையத்திலே பளிங்குகளினூடு ஒளி செல்லுமாற்றை ஆராய்ந்த அவர், 1956இல், தமது இருபத்திரண்டாம் வயதில், அரியதோர் உண்மையை வெளியிட்டார். அதனை அறிதற்கு ஓர் எளிய செயலைச் செய்க. உருண்டைத் தேங்காயொன்றின் உச்சியில் ஈர்க்குத் துண்டொன்றை, அது செல்லவிருக்கும் பக்கத்தை நோக்க வைத்து, இடமோ வலமோ திருப்பாமல் நடுவரைக்கு இறக்குக. நடுவரை வழியே காற்சுற்று நகர்த்துக. பின் மீண்டும் உச்சிக்கு ஏற்றுக. எங்கும் திருப்பாதிருந்தும், ஈர்க்கு தொடக்கத்தில் நோக்கிய திசைக்குச் செங்கோணமாக நிற்கும். வளைந்த பரப்பிற் சென்ற பாதை அத்திருப்பத்தைத் தந்தது. ஒளியின் முனைவாக்க நிலைகளையும் ஒரு கோளத்தின்மேற் புள்ளிகளாகக் குறிக்கலாம். ஒளி பல நிலைகளைக் கடந்து தொடங்கிய நிலைக்கே மீளும்போது, அதன் அலையேற்ற இறக்கங்கள் நிற்கும் இடம், அதாவது அவத்தை, மாறியிருக்கும். அம்மாற்றம் கோளத்தின்மேற் பாதை அடைத்த திண்மக்கோணத்தின் பாதியாகும் என அவர் காட்டினார்.

அக்கட்டுரை இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் நெடுங்காலம் பலர் கருத்திற் படாது கிடந்தது. 1984இல் இங்கிலாந்தின் மைக்கல் பெரி, இத்தகைய அவத்தையைக் குவாண்டம் இயலிற் பொதுவாக நிறுவினார். 1986இல் இராமசேஷனும் நித்தியானந்தாவும் பஞ்சரத்தினத்தின் பணியை எடுத்துக்காட்ட, பெரி அதன் முதன்மையை மனமுவந்து ஏற்று, 1987இல் அதுபற்றி எழுதினார். ஆனால் பஞ்சரத்தினம் அதனைக் காண இருந்திலர். 1969இல், முப்பத்தைந்தாம் வயதில், ஒக்ஸ்போட் நகரில் அவர் மறைந்துவிட்டார்.

இன்று அவ்வவத்தை தொழிற்பட்டறைக்கும் வந்துவிட்டது. 2016இல் ஹாவட் பல்கலைக்கழகத்திற் கப்பாசோ குழுவினர், தட்டையான கண்ணாடியின்மீது 0.0006 மில்லிமீற்றர் உயரமான தைத்தேனியம் ஈரொட்சைட்டுச் சிறகுகளை நிறுத்தி வில்லையொன்று செய்தனர். சிறகுகளின் பொருளும் அளவும் ஒன்றே. நிற்கும் கோணமே இடத்துக்கிடம் வேறுபடும். சிறகு திரும்பிய கோணத்தின் இருமடங்கு அவத்தை ஒளிக்கு வாய்க்க, வளைவேயில்லாத தட்டு ஒளியைக் குவியச் செய்கின்றது. இருபத்திரண்டு வயது இளைஞர் ஏட்டில் எழுதியதை அச்சிறகுகள் செய்து காட்டுகின்றன.

சிப்பியை இடித்த மாணவன் இப்பொழுது வள்ளத்திற் கடலுக்குப் போகின்றான். சென்ற ஆண்டு கரையில் அவனைக் கண்டு, என் பழைய விடை பிழையென்றும், நிறம் அடுக்கில் இருந்ததென்றும் சொன்னேன். அப்படியாயின் மயிலிறகும் அவ்வாறோ என்று உடனே கேட்டான். கேள்வி அவனிடம் அணைந்திலது. அதனை வளர்க்கும் வாய்ப்பை ஒருமுறை தவறவிட்டவன் யானே. மெருகிட்ட சிப்பித் துண்டொன்றும் சிறிது கறுப்பரக்கும் இருப்பின், புறூஸ்ரர் செய்ததை எந்த வகுப்பிலும் செய்து பார்க்கலாம். ஆசிரிய நண்பர்கள் அதனைச் செய்வாராக. விடை தெரியாதவிடத்துத் தெரியாதென்று கூறி, மாணவரோடு சேர்ந்து தேடுவாராக.