திரையில் ஒளி விழும் முன்

மகாராஷ்டிர மாநிலத்தின் வார்தா மாவட்டம் பருத்தி விளையும் கரிசல் பூமி. அங்குள்ள கிராமக் கிளை ஒன்றில் நாங்கள் பணியாற்றிய காலத்தில், மாதம் ஒரு முறை நிதிக் கல்வி முகாம் நடத்துவது எங்கள் கடமைகளுள் ஒன்றாக இருந்தது. முகாமுக்குச் சென்ற அதிகாரிகள் இருவருமே தமிழர்கள். மராத்தி நன்கறிந்த காசாளரோ கிளையின் பணப்பெட்டியை விட்டு நகர இயலாது. எங்கள் மராத்தி சந்தையில் காய்கறி வாங்கப் போதுமானது. காப்பீட்டையும் கடவுச்சொல்லையும் விளக்கப் போதாது. ஆகவே நாங்கள் படங்களை நம்பினோம். படங்களோ ஒரு படவீழ்த்தியை நம்பியிருந்தன.

வழக்கில் புரொஜெக்டர் என்று நாம் அழைக்கும் அக்கருவியை இணைப்பதும் இயக்குவதும் எளிய செயல் என்றே எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் ஒரு பிற்பகலில் பொய்த்தது.

ஊர்ப் பள்ளியின் கூடத்தில் மகளிர் சேமிப்புக் குழுவினர் அறுபது பேர் அமர்ந்திருந்தனர். களை எடுக்கும் கூலியை அரை நாள் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். நாங்கள் கொண்டு சென்ற மடிக்கணினி புதியது, அதில் எச்.டி.எம்.ஐ. வாய் மட்டுமே இருந்தது. படவீழ்த்தி பழையது, அதில் வி.ஜி.ஏ. வாய் மட்டுமே இருந்தது. இரண்டையும் இணைக்கும் மாற்றுக் கருவி கிளையின் மேசை இழுப்பறையில் உறங்கிக்கொண்டிருந்தது. இருசக்கர வண்டியில் ஒருவர் போய் எடுத்து வருவதற்குள் முப்பது நிமிடங்கள் கழிந்தன. பிறகு படம் வந்தது. சேமிப்புக் கணக்கு, வாரிசு நியமனம், காப்பீடு என்று பதினைந்து நிமிடங்கள் நன்றாகவே நடந்தது. அப்போது மின்சாரம் போயிற்று; இரண்டே நிமிடங்களில் திரும்பியும் வந்தது. ஆனால் படவீழ்த்தி எரியவில்லை. பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தினோம். சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டியதே தவிரத் திரை இருண்டே கிடந்தது. விளக்கு வெடித்துவிட்டது என்று முடிவு செய்து, கை கூப்பி மன்னிப்புக் கேட்டுத் திரும்பினோம்.

அன்று மாலை கிளையில் அதே படவீழ்த்தி முதல் அழுத்தத்திலேயே எரிந்தது.

எங்கள் அறியாமை அப்போதுதான் புரிந்தது. அதன் விலை பிறகு தெரிந்தது. அதைச் சொல்லும் முன், நாங்கள் கற்றுக்கொண்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். பள்ளி ஆசிரியர், வணிகர் சங்கச் செயலர், குடியிருப்போர் நலச் சங்கத்தினர் எனப் பலரும் இன்று இக்கருவியைக் கையாள வேண்டியிருக்கிறது.

வாய்களை முதலில் அறிக

இணைப்பு வாய்களில் பெரும்பாலும் இரு வகைகளையே காண்போம். வி.ஜி.ஏ. என்பது 1987-இல் வந்த பழைய முறை. வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசைகளில் 15 ஊசிகள் அமைந்திருக்கும். இரு பக்கமும் திருகாணி உண்டு. வலிந்து செருகினால் ஊசி வளைந்துவிடும். படம் வந்தும் நிறம் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறித் தெரிந்தால், ஓர் ஊசி சரியாகப் பதியவில்லை என்று கொள்ளலாம். இந்த வடம் படத்தை மட்டுமே கொண்டு செல்லும். ஒலிக்குத் தனி வடம் வேண்டும். எச்.டி.எம்.ஐ. வடமோ படத்தையும் ஒலியையும் ஒன்றாகவே கொண்டு செல்லும். மெல்லிய புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் சி வகை யு.எஸ்.பி. வாய் மட்டுமே இருக்கும். அவற்றுக்கும் மாற்றுக் கருவி தேவை.

மாற்றுக் கருவி பெரும்பாலும் ஒருவழிப் பாதை. எச்.டி.எம்.ஐ. கணினியை வி.ஜி.ஏ. படவீழ்த்தியுடன் இணைப்பதற்கான கருவி, எதிர்த்திசையில் வேலை செய்யாது. கடையில் வாங்கும்போது 'கணினியில் இந்த வாய், படவீழ்த்தியில் அந்த வாய்' என்று இரண்டையும் குறிப்பிட்டே கேட்க வேண்டும்.

இடமும் தொலைவும்

படவீழ்த்தியைச் சுவரிலிருந்து எவ்வளவு தொலைவில் வைப்பது? வணிகவியல் பயின்ற எங்களுக்கு இது பழகிய விகிதக் கணக்காகவே தோன்றியது. கருவியின் கையேட்டில் எறிதொலைவு விகிதம் 1.5 என்று இருந்தால், 3 மீட்டர் தொலைவில் வைக்கும்போது 2 மீட்டர் அகலப் படம் கிடைக்கும். கருவியைப் பெரிதும் சாய்த்து வைத்தால் படம் மேலே அகன்றும் கீழே குறுகியும் தோன்றும். கீஸ்டோன் என்னும் அமைப்பால் அதைத் திருத்தலாம். ஆயினும் கருவியை நேராக வைப்பதே முதல் திருத்தம்.

வெளிச்சம் லூமென் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. சன்னல்களை மூடிய வகுப்பறைக்கு 3,000 லூமென் போதும். வெயில் நேரே விழும் சுவரில் எந்தக் கருவியாலும் பயனில்லை. விதர்ப்பத்தின் கோடையில் சன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் வெளிச்சம். ஆகவே கூடத்தின் மிக இருண்ட மூலையைத் தேடிப் பிடித்து, அங்கே வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிக்கொள்ளப் பழகினோம்.

இயக்கும் வரிசை

மடிக்கணினி, படவீழ்த்தி இரண்டுக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுப்பது நல்லது. மூன்று முனைச் செருகியின் நிலத்தொடர்பு முனையை ஒடித்துவிட்டுப் பயன்படுத்தும் வழக்கம் கூடாது. படவீழ்த்தியின் காற்றுத் துளைகளைச் சுவரோ துணியோ அடைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வில்லையின் மூடியைக் கழற்றுக. எளிய செயல்தான், மறக்கப்படுவதும் இதுதான். அடுத்து வடத்தை இரு முனைகளிலும் செருகுக. பின்னர் படவீழ்த்தியின் பொத்தானை ஒரு முறை மட்டும் அழுத்துக. விளக்கு முழு ஒளி பெற அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஆகும். அந்தப் பொறுமை இன்றி மறுமுறை அழுத்தினால், அணைக்கச் சொன்னதாகவே கருவி பொருள் கொள்ளும். இறுதியாகக் கணினியை இயக்குக. முன்பே இயங்கிக்கொண்டிருந்தாலும் தவறில்லை.

திரையில் 'நோ சிக்னல்' என்ற சொற்கள் தோன்றினால் அஞ்ச வேண்டாம். கருவி உயிரோடு இருக்கிறது. படம் எந்த வாய் வழியே வருகிறது என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. ரிமோட்டில் உள்ள சோர்ஸ் பொத்தானை அழுத்தி, வடம் செருகிய வாயைத் தேர்க. அப்போதும் படம் வராவிடில், விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்துக. நான்கு தேர்வுகள் தோன்றும். கணினித் திரையில் மட்டும் காட்டுவது, இரண்டிலும் ஒன்றையே காட்டும் டூப்ளிகேட், சுவரைக் கூடுதல் திரையாக்கும் எக்ஸ்டெண்ட், சுவரில் மட்டும் காட்டுவது என்பன அவை. பெரும்பாலும் டூப்ளிகேட் தேர்வே சிக்கலைத் தீர்த்துவிடும். படம் வந்த பிறகு, வில்லையைச் சுற்றியுள்ள வளையங்களைத் திருப்பி அளவையும் தெளிவையும் சரிசெய்யலாம்.

அணைப்பதிலும் முறை உண்டு

எங்கள் முதல் முகாமைக் கெடுத்தது இந்த இடந்தான். பல படவீழ்த்திகளில் உள்ளது உயர் அழுத்தப் பாதரச ஆவி விளக்கு. தெருவில் எரியும் பாதரச விளக்கைப் பார்த்திருப்போம். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் அது உடனே எரியாது. சூட்டில் உள்ளிருக்கும் ஆவியின் அழுத்தம் மிகுந்திருக்கும். ஆறி அழுத்தம் தணிந்த பின்னரே மீண்டும் பற்றும். படவீழ்த்தியின் விளக்கும் அவ்வாறே. அன்று நாங்கள் பொத்தானை விட்டுவிட்டுப் பத்து நிமிடங்கள் பேசிக்கொண்டிருந்தாலே போதும், திரை ஒளிர்ந்திருக்கும். சிமிட்டிய சிவப்பு விளக்கு எங்களிடம் சொன்னதும் 'சற்றுப் பொறு' என்பதையே.

ஆகவே அணைக்கும்போது செருகியைப் பிடுங்கலாகாது. பொத்தானை இரு முறை அழுத்தி அணைத்து, உள்ளே சுழலும் விசிறி நிற்கும் வரை காத்திருந்து, அதன் பிறகே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். சில ஆயிரம் மணி நேரம் உழைக்கக்கூடிய விளக்கு, இந்த ஒரு நிமிடப் பொறுமையின்மையால் முன்னதாகவே கெடக்கூடும். காற்று வடிகட்டியில் தூசி சேர்ந்தாலும் சூடு மிகும். எல்.இ.டி., லேசர் வகைக் கருவிகளில் விளக்கு ஆறக் காத்திருக்கும் தொல்லை இல்லை, ஆயுளும் அதிகம்.

எது தெரியக்கூடாது?

வங்கியாளர்களாகிய நாங்கள் தாமதமாக உணர்ந்த பாடம் இது. டூப்ளிகேட் தேர்வில், கணினியில் உள்ளது அனைத்தும் சுவருக்குச் செல்லும். திறந்து கிடக்கும் கடிதம், பாதி தெரியும் கணக்கு விவரம், மூலையில் எட்டிப் பார்க்கும் வாட்ஸ்அப் செய்தி யாவும் அறுபது பேர் கண்ணில் படும். எனவே தேவையற்ற கோப்புகளை மூடி, அறிவிப்புகளை நிறுத்திய பின்னரே வடத்தைச் செருக வேண்டும். பவர்பாயிண்ட் காட்சியின் நடுவே வேறொன்றைப் பேச நேர்ந்தால், ஆங்கில B எழுத்து விசையை மட்டும் அழுத்தினால் திரை கறுப்பாகும்; மீண்டும் அழுத்தினால் படம் திரும்பும். கைப்பேசியின் திரையைக் கம்பியின்றிச் சுவரில் காட்டுவோர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். அந்நேரம் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் சுவரில் தோன்றும்.

இனி, அந்த முகாமின் விலையைச் சொல்லலாம். ஒரு மாதம் கழித்து, அன்று முன்வரிசையில் அமர்ந்திருந்த பெண்மணி ஒருவர் கிளைக்கு வந்தார். மராத்தியில் மூத்த சகோதரியைத் 'தாயி' என்று அழைப்பர். நம் செவிக்கு அது தாய் என்றே ஒலிக்கும். "சாஹேப், கணக்கில் பணம் இல்லை" என்றார் தாயி. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவன், வாடிக்கையாளர் விவரங்களைப் புதுப்பிக்க ஒரு செயலியை இறக்கச் சொல்லியிருக்கிறான். அது திரைப் பகிர்வுச் செயலி. அவர் கைப்பேசியில் வந்த கடவுச்சொல்லை எங்கோ இருந்த அவன் தன் திரையில் படித்துவிட்டான். 18,000 ரூபாய், பருத்தி விதைக்கென்று வைத்திருந்த பணம், போய்விட்டது. அவர் எங்களிடம் வந்தது நான்காம் நாள்.

அன்றைய முகாமில் நாங்கள் காட்டாமல் விட்ட படங்களில், இத்தகைய செயலியைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று இருந்தது. இந்திய ரிசர்வ் வங்கி 2019-ஆம் ஆண்டிலேயே இதைக் குறித்து வங்கிகளை எச்சரித்திருந்தது. கடைசிப் படத்தில் 1930 என்ற எண் மட்டும் பெரிதாக இருந்தது. இணையவழிப் பண மோசடிகளைப் புகார் செய்வதற்கான தேசிய உதவி எண் அது. படத்தைப் பார்த்திருந்தால் தாயி ஏமாந்திருக்கவே மாட்டார் என்று உறுதி கூற எங்களால் இயலாது. ஆயினும் முதல் ஒரு மணி நேரத்தில் அந்த எண்ணை அழைத்திருந்தால், பணம் கைமாறும் முன் தடுத்து நிறுத்த வாய்ப்பிருந்தது. நான்காம் நாளில் அந்த வாய்ப்பு இல்லை. புகாரைப் பதிவு செய்ய உதவினோம். பணம் திரும்பவில்லை.

அடுத்த மாதம் அதே கூடத்தில் மீண்டும் கூடினோம். இம்முறை ஒரு மணி நேரம் முன்பே சென்றோம். மாற்றுக் கருவி, உபரி வடம், எக்ஸ்டென்ஷன் பெட்டி ஆகியவற்றின் பட்டியலைப் பையின் உட்புறம் ஒட்டியிருந்தோம். மின்சாரம் போனாலும் கைவிடாதபடி, முக்கியமான படங்களை அட்டையில் அச்சிட்டும் வைத்திருந்தோம்.

படவீழ்த்தி எரிந்ததும் முதலில் படம் எதையும் காட்டவில்லை. மடிக்கணினியில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, 4, 7, 1, 9 என்று நான்கு எண்களைத் தட்டினோம். கூடம் முழுவதும் உரக்கப் படித்தது. "நாங்கள் இங்கே எழுதுகிறோம், நீங்கள் அங்கே படிக்கிறீர்கள். முன்பின் தெரியாதவன் இறக்கச் சொல்லும் செயலியும் இதைத்தான் செய்கிறது" என்றோம், எங்களுக்குத் தெரிந்த மராத்தியில். கூடத்தில் சிறிது நேரம் ஓசையில்லை.

அப்போது முன்வரிசையிலிருந்து தாயி எழுந்தார். எங்கள் மராத்தியைத் திருத்துவதற்கு என்றே முதலில் நினைத்தோம். அவர் பெண்களை நோக்கித் திரும்பி, தமக்கு நேர்ந்ததைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். சுவரில் தெரிந்த நான்கு எண்களைக் காட்டி, "என் எண் இப்படித்தான் அவன் சுவரில் தெரிந்திருக்கிறது" என்று முடித்தார். பலர் 1930 என்ற எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொண்டனர். கைப்பேசி இல்லாதவர்களுக்கு எண்ணை அச்சிட்ட அட்டைகளைக் கொடுத்தோம்.

வாசகர்களே, அடுத்த முறை ஒரு படவீழ்த்தியின் முன் நிற்கும்போது வடத்தையும் வாயையும் ஒரு முறை சரிபாருங்கள். உங்கள் திரையை யார் யார் பார்க்கப் போகிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கையிலுள்ள கைப்பேசிக்கும் இதே கேள்வி பொருந்தும். நம் வங்கி உட்பட எந்த வங்கியும், செயலியை இறக்கி உங்கள் திரையைக் காட்டும்படி தொலைபேசியில் கேட்பதில்லை.